முத்திரை விழாத நாற்காலி

நிறம் பொருத்திக் கொடுப்பதில் என்னை மிஞ்ச உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், தற்பெருமைதான். பெயின்ட் கடை வைத்து முப்பது வருடம் ஆகப்போகிறது. கல்யாணப் புடவையின் முந்தானையைக் கொண்டுவந்து இந்த நிறம் வேண்டும் என்பார்கள். பழுத்த பாக்கைக் கொண்டுவருவார்கள். ஒருவர் செத்துப்போன கிளியின் இறகைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் கலந்து கொடுத்திருக்கிறேன். கலர் மெஷின் வந்த பிறகும் அதை நான் முழுசாக நம்பியதில்லை. அது சொல்லும் அளவில் ஒரு சொட்டுக் கறுப்பைக் குறைத்தால்தான் சரியாக வரும்.

இந்தக் கர்வத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நர்ஸ் கடைக்கு வந்தார். இருபத்தைந்து வருடம் வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துத் திரும்பி, குளத்தூர்ப் பக்கம் சர்ச்சுக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பையிலிருந்து ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்தார், சர்ச்சில் பாடுகிற புத்தகம். அதற்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது.

ஒரு அறை. மர நாற்காலி ஒன்று. அதன் முதுகில் ஒரு துவர்த்துத் துண்டு தொங்குகிறது, ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. பின்னால் நீலச் சுவர். ஆள் யாரும் இல்லை.

“இந்த நீலமாக்கும் வேணும். ஒரே ஒரு சுவருக்கு. எனக்க ரூமுக்கு” என்றார்.

“இது எங்கண கிட்டிச்சு சிஸ்டர்?” என்று சும்மா கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துல படிக்கும்போ கிட்டினது” என்றார், கடையில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு.

மெஷினுக்குக் காட்டினேன், கலந்தேன், ஆள் அனுப்பி அவர் வீட்டுச் சுவரில் ஒரு சதுரம் அடிக்கச் சொன்னேன். பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை பிளாஸ்டிக் வாளி மாதிரி. மூன்றாவது தடவை நானே போனேன். படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தால் நிறம் ஒன்றுதான். இரண்டடி தள்ளி நின்றால் படத்தில் இருப்பது உயிரோடு இருக்கிறது, என்னுடையது செத்துக் கிடக்கிறது.

“கோவிக்கப்படாது அண்ணே” என்றார் அவர். “இதும் நீலந்தான். ஆனா அது இல்ல.”

பிறகு அவராகவே சொன்னார். வளைகுடாவில் நர்ஸ் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். இருபத்தைந்து வருடமும் அப்படித்தான், எந்தச் சுவரும் அவருடையதில்லை. “படுக்கதுக்கு முன்ன இந்தப் படத்த எடுத்துப் பாத்துட்டுக் கெடப்பேன். சொந்தமா ஒரு ரூம் கெட்டினா இந்தச் சுவர்னு அப்பமே நெனச்சதாக்கும். வேற ஒண்ணும் எனக்கு ஆசை இல்ல அண்ணே.” அதைக் கேட்ட பிறகு விட்டுவிட மனம் வரவில்லை. என் தொழில்மானமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை கடையில் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது அந்தத் துவர்த்தின் நீள முனை கண்ணில் வந்து நின்றது. கலக்கிய கோலை அப்படியே விட்டேன். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். நான் பத்தொன்பது வயதில் பார்த்திருக்கிறேன், ஒரு கையில் ரப்பர் முத்திரையோடு.

அந்தக் கதை இது. நான் வளர்ந்த ஊர் குளத்தூருக்கு உள்ளே. பக்கத்தில் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம். மலையாளப் புத்தகங்கள் சுவர் நிறைய, தமிழுக்கு அரை அலமாரி. ப்ரீடிகிரியில் தோற்றுவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த நான், பகல் முழுக்க அங்கேதான் கிடப்பேன். புதுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்துவது என் வேலை. முதல் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, ரகசியப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு வாயனசாலைக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. எங்களுக்கு முப்பத்தேழு. திருடுகிறவன் முதல் தாளையும் கடைசித் தாளையும் கிழித்தாலும் முப்பத்தேழில் மாட்டிக்கொள்வான். இதற்குள் மாற்றியிருப்பார்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து போகும்போது பதினொரு ஓவியப் புத்தகங்களை வாயனசாலைக்குக் கொடுத்தது. ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். ஆட்டோவில் வந்து இறங்கின. அன்றைய செயலாளர் ஒரு பள்ளிக்கூட சார். அவர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“எலே, படமுள்ள புஸ்தகமாக்கும். பக்கத்தக் கீறி எடுத்துட்டுப் போயிருவானுவ. எல்லாப் படத்துலயும் சீல் அடிச்சு விடு. ஓரத்துல வேண்டாம், நடுவுல அடி. உடுப்பில்லாம நிக்கதுகளுக்கு ரெண்டு மூணு கூடப் போடு.”

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அடித்தேன். ராஜா, ராணி, குதிரை, பழத்தட்டு, குளிக்கிற பெண்கள் ஒருவரையும் விடவில்லை. பரீட்சையில் தோற்றவனுக்கு அதிகாரம் என்று கையில் கிடைத்த முதல் சாமான் அந்த முத்திரை. ஊதா மையில் டப் என்று விழுகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

எட்டாவது புத்தகத்தில் அந்த நாற்காலி வந்தது. முத்திரையை மையில் ஒற்றி எடுத்தேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். மை காய்ந்தது. மறுபடியும் ஒற்றினேன், மறுபடியும் காய்ந்தது. ஆளில்லாத படம், இதை எவன் கீறப் போகிறான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். பதினொரு புத்தகத்திலும் நான் விட்டுவைத்த ஒரே படம் அது.

அதற்குப் பிறகு சித்தப்பாவின் கடை, கல்யாணம், சொந்தக் கடை. வாயனசாலை வாசல் வழியாக எத்தனையோ நூறு தடவை பைக்கில் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. கடையில் ஆளில்லாத நேரம் முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஓடுகிற படங்களில் ஒன்றுகூட மறுநாள் ஞாபகம் இருக்காது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனேன். நர்ஸிடம் இருப்பது வேறொரு பிரதி என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கத்தைப் பெரிதாக, முழுசாகப் பார்த்தால் நீலத்தைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் லைப்ரேரியனாக இருந்தாள். மூலையில் பிள்ளைகள் நாலைந்து பேர் அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்குக் கேள்விபதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவியப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“உண்டு மாமா. ஆனா சீக்கிரம் பாத்துக்கிடுங்க” என்றாள். “இந்த மாசக் கடைசில வாயனசாலைக்குக் கிரேடு போட ஆளு வாறாவ. கேடு வந்த புஸ்தகத்த ஒக்க ஒதுக்கணும்னு கமிட்டி சொல்லியாச்சு. இந்தப் பதினொண்ணுமாக்கும் லிஸ்டுல முதல்ல. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி லிஸ்ட முடிவாக்கும், அது கழிஞ்சு பழைய பேப்பர்காரன் எடுப்பான்.”

“என்ன கேடு?”

கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். “ஏதோ ஒரு மடையன் செஞ்ச வேல. பாருங்க, மனுசனுக்க முகத்துலயே அடிச்சிருக்கான்.”

பார்த்தேன். நான் இடதுகைக்காரன். முத்திரைக்கு நடுவில் உள்ள விளக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து விழும். பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்த விளக்கு. ஒரு ராஜாவின் மூக்கின் மேல், இறைச்சிக் கடையில் ஆட்டுத்தொடையில் குத்தியது மாதிரி. குளிக்கிற பெண்களின் கதி இன்னும் மோசம். இந்த நூலகத்தில் பாதிப் புத்தகத்துக்கு முத்திரை குத்தியது நான்தான் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

எட்டாவது புத்தகத்தில் நாற்காலியைத் தேடினேன். பக்கம் இருந்தது, படம் இல்லை. நேர்க்கோட்டில் சுத்தமாக வெட்டிய ஒரு ஜன்னல். அதன் வழியாக அடுத்த பக்கத்தின் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதைவிடக் கொஞ்சம் பெரியது.

எனக்குக் கோபம் வந்தது. நர்ஸ் மேலா, என் மேலா, இந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடப் போகிறவர்கள் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடித்த படமெல்லாம் கெட்டுப்போய் இருக்கிறது, அடிக்காத ஒன்று போயே போய்விட்டது. எழுந்து போயிருக்க வேண்டும். புத்தகம் திறந்து கிடந்தது, கடையில் அந்த நேரத்தில் ஆளும் வராது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அன்று நாலு மணி வரை இருந்தேன். மறுநாளும் போனேன். நீலத்தைத் தேடித்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன், அது மூன்று நாளைக்கு உண்மையாகவும் இருந்தது. அப்புறம் சும்மாவே போனேன்.

அந்த மதியங்களை எப்படிச் சொல்வது? போனில் படம் விரலுக்குக் கீழே ஓடிவிடும். இந்தப் புத்தகம் ஓடாது. இதைக் கையில் பிடிக்க முடியாது, மேசையில் கிடத்தி முன்னால் குனிய வேண்டும். ஒரு தாளைத் திருப்ப முழங்கை வரை வேலை செய்ய வேண்டும். படத்துக்கு மேல் வெண்ணெய்த்தாள் மாதிரி ஒரு மெல்லிய காகிதம் கிடக்கும். அதை விலக்கும்போது மங்கலாக இருந்தது பளிச்சென்று வரும், ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். எழுதியிருக்கிற ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது. தேவைப்படவும் இல்லை.

பெயின்ட் விற்கிறவன் கண்ணோடு பார்த்தேன். என் ஷேடு கார்டில் வெள்ளைக்கு மட்டும் பதினாறு பெயர் இருக்கிறது. ஒரு ஓவியன் மேசை விரிப்பு ஒன்றை வரைந்திருந்தான், வெள்ளை விரிப்பு. விரலால் ஒரு பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்துப் பார்த்தேன். பச்சை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், பழைய மஞ்சள். வெள்ளை என்று ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் விலகிப் பார்த்தால் இப்போதுதான் துவைத்து விரித்தது மாதிரி இருக்கிறது. “அடப்பாவி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிஎஸ்சிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருடமாக நான் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஓவியர்கள் நிழலுக்குக் கறுப்பைத் தொடவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நாலைந்து நாளில் முத்திரைகள் என் கண்ணில் படுவது குறைந்தது. ஊதா மை வெளிறியிருந்தது, சாய்ந்த விளக்குக்குப் பின்னால் ராஜா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பத்தொன்பது வயதில் இத்தனை படங்களையும் தொட்டிருக்கிறேன், ஒன்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன் என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு இதெல்லாம் போய்விடும் என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

நீலம் கிடைத்தது அடுத்த வார வியாழக்கிழமை. அதே ஓவியன், அதே புத்தகம், வேறொரு படம். ஒரு பெண் பயறு உரித்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் அதே சுவர். சுவரின் ஒரு மூலையில் நீலம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. லைப்ரேரியனிடம் லென்ஸ் வாங்கி வைத்துப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில் செம்மண் நிறம். சுவர் முழுக்க அடியில் அதுதான். மேலே நீலத்தைக் கெட்டியாக அடிக்காமல் தண்ணீர் மாதிரி ஓட்டியிருக்கிறான். அடியிலிருந்து சிவப்பு மூச்சு விடுகிறது. நான் ஒரு டப்பாவுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அது இரண்டு டப்பாவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை நானே பிரஷ் பிடித்தேன். நம் ஊர்ச் சிவப்பு வெட்டுக்கல் நிறத்தில் முதல் கோட். அது காய்ந்ததும் தண்ணீர் கலந்த நீலம், உருளை இல்லாமல், அகலப் பிரஷில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை. மதியம் நர்ஸ் வந்து வாசலில் நின்று பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் மெல்ல உட்கார்ந்தார்.

“வந்துட்டு அண்ணே” என்றார். அழுதார். இத்தனை வருடக் கடையில் அந்த மாதிரி ஒரு மகிழ்ச்சியை நான் அனுபவித்ததில்லை.

“எப்பிடிக் கண்டுபிடிச்சிய?”

“வாயனசாலைல ஒரு புஸ்தகம் உண்டு” என்றேன். “அதுல ஒரு ஓட்டையும் உண்டு.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுக்கவில்லை. “பத்தாங் கிளாசுல படிக்கும்போ. பென்சில் சீவுக பிளேடு” என்றார். “எல்லாப் படத்துலயும் சீல் இருந்தது அண்ணே. இது ஒண்ணுலதான் இல்ல. எனக்காட்டு ஆரோ விட்டு வச்சதுபோலத் தோணிச்சு.”

“விட்டு வச்சது நானாக்கும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடி அந்தப் புத்தகங்களை ஒதுக்கப் போகிறது என்று சொன்னேன். அவர் படத்தைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். நான் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஏழு பேர்; நானும் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். தலைவர் யாரென்றால், அன்றைக்குச் செயலாளராக இருந்த அதே சார். வயது எழுபது தாண்டிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. லிஸ்டை வாசித்தார். முதல் பதினொன்றுக்கு வந்ததும், “இத எவன் செஞ்சானோ, அவனக் கையில கிட்டினா நல்லதாக்கும்” என்றார்.

நான் எழுந்தேன். “கிட்டியாச்சு சார். அந்த மடையன் நானாக்கும்.”

லைப்ரேரியன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீயா?” என்றார் தலைவர்.

“நானாக்கும். அடிக்கச் சொன்னது நீங்க. நடுவுல அடின்னு சொன்னதும் நீங்க. உடுப்பில்லாததுக்கு ரெண்டு மூணு கூடப் போடச் சொன்னதும் நீங்க.”

“நான் அப்பிடிச் சொல்லுவேனாலே?” என்றார். சுற்றிப் பார்த்தார். அவரை அறிந்த ஆறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். சொல்லியிருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த இடைவெளியில் நான் விடவில்லை. லைப்ரேரியனிடம் பறவைகள் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆல்பம் ஒட்டுவதற்குக் கத்தரித்துக் கத்தரித்து, கிளி போய், மீன்கொத்தி போய், பெயர்கள் மட்டும் மிச்சமிருக்கிற புத்தகம். அது லிஸ்டில் இல்லை. “இது நல்ல புஸ்தகம், அது கேடு வந்ததா? அதுல முகத்துல சீல் உண்டு, சரி. முகமும் உண்டு. நான் செஞ்சது தப்புதான். அதுக்காட்டு இன்னொரு தப்பு செய்யாண்டாம் சார். நான் தினமும் வாறேன். நோக்கிட்டு இருக்கேன்.”

“கிரேடு பாக்க வாறவன் கேட்டா என்ன சொல்லது?”

“இத்தன உறப்பா சீலடிச்சு இது நம்ம புஸ்தகம்னு வேற எந்த வாயனசாலைக்குச் சொல்ல முடியும்?”

ஒருவர் சிரித்தார். தலைவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். “ஒரு படம் கீறியும் போயிருக்கு, அதையும் சொல்லு” என்றார்.

அப்போது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். பாட்டுப் புத்தகத்தோடு நர்ஸ் வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்கு வந்து, எட்டாவது புத்தகம் எது என்று என்னிடம் கேட்டார். நான் பக்கத்தைத் திறந்தேன். படத்தை எடுத்து அந்த ஜன்னலில் வைத்தார். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

“நான் எடுத்ததாக்கும் சார்” என்றார் தலைவரிடம். “பத்தாங் கிளாசுல உங்ககிட்டத்தான் படிச்சேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியை, துவர்த்தை, சுவரைப் பார்த்தார். அந்த நாளில் அவர் புரட்டிய வேகத்தில் இதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். “கொள்ளாமே, நல்ல படமாக்கும்” என்றார் மெதுவாக. பிறகு பேனாவை எடுத்து லிஸ்டில் முதல் பதினொரு வரியையும் கோடு போட்டு அடித்தார்.

ஆனாலும் சார் சார்தான். “திரும்பி வந்த பக்கத்துல சீல் போட்டுட்டுத்தான் ஒட்டணும். ரூலாக்கும்” என்றார். லைப்ரேரியன் மையையும் முத்திரையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கைப்பிடி மாற்றியிருந்தார்கள், முத்திரை அதேதான். கையில் எடுத்ததும் பழைய கனம் தெரிந்தது. மையில் ஒற்றினேன்.

நர்ஸ் படத்தை என் பக்கம் நகர்த்தினார். அவருடைய விரல் நீலச் சுவரின் நடுவில் நின்றது.

“முன்னால அடிங்க அண்ணே” என்றார். “இல்லெங்கில் என்னப்போல இன்னொருத்தி வந்து எடுத்துட்டுப் போவா.”

“வரட்டும்” என்றேன். படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் அடித்தேன்.